மழையை நிறுத்தியதாகப் பேரெடுத்த உன் அம்மா எழுதுவது

என் ராசாவுக்கு,

கல்யாணம் முடிந்து சென்னைக்குக் குடிபோகிற பிள்ளை அம்மாவுக்கு என்ன கொடுத்துவிட்டுப் போவான்? புடவை கொடுப்பான், மிக்ஸி கொடுப்பான். நீ நம் கோவிலின் ஃபேஸ்புக் பக்கத்தையும் இன்ஸ்டாகிராம் பக்கத்தையும் கொடுத்திருக்கிறாய். "இனிமே நீதாம்மா அட்மின்" என்று சொல்லி, எங்கே அமுக்கினால் எது வரும் என்று காட்டினாய். நான் தலையாட்டியதை நம்பிக் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டாய். எனக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு என் முதல் பதிவாக இந்தக் கடிதத்தைப் போடப் போகிறேன். ஊரே படிக்கட்டும். உன்னைப் பற்றி ஊருக்குத் தெரியாதது ஒன்றும் மிச்சமில்லை. என்னைப் பற்றித்தான் ஒரு பொய் இன்னும் போனுக்குப் போன் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை இங்கே சொல்லி முடித்துவிட்டால், வருகிற திங்கட்கிழமை உன் கல்யாணத்தில் நிம்மதியாக நிற்பேன். நான் பத்தாவது வரை படித்தவள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிறவள். அதனால் எழுத்துப்பிழை இருந்தால் அது போன் செய்த பிழை என்று வைத்துக்கொள்.

இந்தப் பக்கத்தை நீ ஏன் ஆரம்பித்தாய் என்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற யாருக்கும் நம் கோவில் கண்ணில் படாது. ஒரு பக்கம் உப்புக் குடோன், இன்னொரு பக்கம் வரிசையாக உப்புக் குவியல்கள், நடுவில் ஒரு மண்பாதை, அதன் கடைசியில் நாம். சிலுவையின் தலை மட்டும் வெளியே தெரியும். ஆராதனைக்கு வந்தவர்களைப் பாஸ்டர் பேர் சொல்லிக் கூப்பிட்டு வரவேற்பார், அவ்வளவு குறைவான கூட்டம். நீ பஸ் ஸ்டாண்டு மொபைல் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "நம்ம சர்ச் இருக்குதுன்னு யாருக்குமே தெரியலம்மா, தெரிய வெக்கிறேன்" என்று கிளம்பினாய். உப்புப் பாத்தித் தண்ணீரில் கோவில் தலைகீழாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் போட்டாய். லொகேஷன் போட்டாய். அந்த லொகேஷனை நம்பி வந்த முதல் கார் நேராக உப்பளத்துக்குள் இறங்கிச் சேற்றில் மாட்டிக்கொண்டது. உன் அப்பா உப்பு வாருகிற பலகையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்துத் தள்ளிவிட்டார். பாண்டிச்சேரியிலிருந்து போட்டோ எடுக்க வந்த குடும்பம் அது. முழங்கால் வரைக்கும் சேற்றோடு வந்து, பின் பெஞ்சில் உட்கார்ந்து, கடைசிப் பாட்டு வரைக்கும் இருந்துவிட்டுத்தான் போனார்கள். இப்போதும் கிறிஸ்துமஸுக்கு வருகிறார்கள், ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு.

அந்தப் படத்துக்குக் கீழேதான் ஒரு பெண் கேட்டிருந்தாள்: "இந்த சர்ச்சுக்கு எந்த பஸ்ல வரணும்? ஸ்டாப்பிங்ல நிக்குமா?" பெருமுக்கல் பக்கத்துக் கிராமம், அங்கே ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவள், பெயர் ஷீபா. பஸ் எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நீ எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது என்பது வரைக்கும் எழுதினாய். நான் அதைப் படித்தபோதே உன் அப்பாவிடம் சொன்னேன், பையன் கோவிலுக்கு மட்டும் ஆள் சேர்க்கவில்லை என்று. அவர் சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தார். போன வைகாசியில் ஷீபாவின் அப்பா சாமுவேல் நம் வீட்டுக்கு வந்து, மோர் குடித்து, சம்மதம் சொல்லிவிட்டுப் போனார். வேர்க்கடலை விவசாயம் செய்கிறவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் மாற்றமாட்டார். ஆவணியில் கல்யாணம் என்று முடிவானது. ஒரு குறையும் இல்லை. குறையை நாம்தான் உண்டாக்கினோம், நீயும் நானும் சேர்ந்து.

ஆனி மாதம். நம் அளத்தில் உப்புக் குவியல் நல்ல உயரத்துக்கு வந்திருந்தது. உன் கல்யாணச் செலவு முழுக்க அந்தக் குவியல்தான் என்று உனக்கும் தெரியும். புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்துக்கு நாங்கள் உட்கார்ந்திருந்தபோது மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு மழை போதும், மூடாத குவியல் கரைந்து பாத்தியோடு போய்விடும். பாஸ்டர் என்னை ஜெபம் பண்ணச் சொன்னார். நானும் பண்ணினேன். கையைத் தூக்கிக்கொண்டு, தொண்டை கட்டுகிற மட்டும், "ஒரு சொட்டு விழக்கூடாது ஆண்டவரே, ஒரு சொட்டு கூட விழக்கூடாது" என்று கத்தினேன். மேகம் அப்படியே நம் தலைக்கு மேலே போய்க் கடலில் இறங்கியது. கடற்கரைக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும், பல நாள் அது அப்படித்தான் போகும். காற்று அதன் வேலையைச் செய்தது. நீ உன் வேலையைச் செய்தாய். வாசலில் நின்று போனில் எடுத்ததில் அரை நிமிடத்தை வெட்டி, இடிச் சத்தம் சேர்த்து, பின்னால் ஒரு பாட்டு போட்டு, மேலே கொட்டை எழுத்தில் எழுதினாய்: "மழையை நிறுத்திய உப்பளத்துத் தாய்."

அடுத்த நாள் காலையில் பொம்மையார்பாளையத்திலிருந்து உன் சித்தி போன் செய்து, "அக்கா, நீ ஃபேமஸ் ஆயிட்ட" என்றாள். ஞாயிற்றுக்கிழமை பெஞ்ச் போதாமல் பாய் விரித்தோம். செங்கல் சூளைக்காரர் வந்தார். கருவாடு காயவைக்கிற பெண்கள் கூடையோடு வந்தார்கள். கல்யாண மண்டபக்காரர் ஒருவர் மொட்டைமாடி ரிசப்ஷனுக்கு ஜெபம் கேட்டார். கிரிக்கெட் ஆடுகிற பையன்கள் பக்கத்துக்கு மெசேஜ் அனுப்பினார்கள்: "ஆயா, சண்டே ஃபைனல் மேட்ச், மழ வராம ப்ரேயர் பண்ணுங்க." மழை விஷயத்தை மன்னித்துவிடுவேன், ஆயா என்றதை மன்னிக்கமாட்டேன். ஆனால் ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. உப்புத் தண்ணீரில் வெடித்துப்போன காலோடு நடக்கிற ஒருத்தியை, வருகிறவர்கள் எல்லாம் "நீங்கதானா அந்த அம்மா" என்று கேட்டுக் கையைப் பிடித்தால் யாருக்குத்தான் பிடிக்காது? நல்ல புடவை கட்டிக்கொண்டு முன் பெஞ்சுக்கு மாறிவிட்டேன். உன் அப்பா மட்டும், "மேடம், நாளைக்கி வெயிலா?" என்று கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்கினார்.

அந்தக் கொட்டை எழுத்து சாலையோடு நிற்கவில்லை, மேற்கே பெருமுக்கல் பக்கமும் போனது. அங்கே ஆனி மாதம் மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதம். உழுது போட்டுவிட்டு, விதைக்கடலையை உடைத்து வைத்துக்கொண்டு, ஒரு மழை வந்தால் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் போனில் ஒருத்தி கையைத் தூக்கிக்கொண்டு ஒரு சொட்டு விழக்கூடாது என்கிறாள். மழையை நிறுத்தியவள் என்று வேறு எழுதியிருக்கிறது. யார் அவள் என்று பார்த்தால், சாமுவேலுக்குச் சம்பந்தியாகப் போகிறவள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் கெட்டேன், நீ உன் விரலால் கெட்டாய். மூன்று ஞாயிறு ஆராதனையில் கல்யாண அறிக்கை வாசித்தால்தான் கல்யாணம் நடக்கும். முதல் அறிக்கை வாசிக்க வேண்டிய வாரத்தில் சாமுவேல் அவர்கள் ஊர்ப் பாஸ்டரிடம் போய், இப்போது வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்டதற்கு, "மழ பெய்யட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றாராம்.

அந்த வாரம் நீ சாப்பிட்டது எனக்குத் தெரியும். சாப்பிடாததும் தெரியும். வீடியோவை எடுத்துவிட்டாய், ஆனால் அதற்குள் ஊரெல்லாம் பிரதி எடுத்துவிட்டார்கள். விளக்கம் சொல்லி இன்னொரு வீடியோ போடலாம் என்றாய், மன்னிப்புக் கேட்டு ஒரு போஸ்டர் செய்யலாம் என்றாய். எனக்கு அப்போது ஆண்டவரிடமே பேச்சு வரவில்லை. மழை வேண்டாம் என்றால் ஷீபா வரமாட்டாள். மழை வேண்டும் என்றால் கல்யாணச் செலவு கரைந்துவிடும். முழங்கால் போட்டு உட்கார்ந்து, எதைக் கேட்பது என்று தெரியாமல் எழுந்து வந்துவிடுவேன். கடைசியில் ஒரு சனிக்கிழமை, உன்னிடமும் அப்பாவிடமும் சொல்லாமல், பஸ் ஏறினேன். வெறுங்கையோடு போகக்கூடாது, நம் வீட்டில் என்ன இருக்கிறது? ஒரு பையில் உப்பை எடுத்துக்கொண்டேன்.

சாமுவேல் வீட்டுக்குப் போனால் ஷீபாவின் அம்மா ரோஸி வாசலுக்கே வந்து கையைப் பிடித்தாள். உப்புப் பையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமான் அறைக்குள் வைத்தாள். சாமுவேல் நிலத்திலிருந்து வந்தார். "வாங்கம்மா" என்றார். உட்காரவில்லை.

"ஒரு சொட்டு கூட விழக்கூடாதுன்னு சொன்னீங்களே, எங்க விழக்கூடாது?"

"எங்க அளத்துலதாங்க."

"வானத்துக்கு எல்லைக்கல்லு நட்டு வெச்சிருக்கீங்களா?"

அவரே தொடர்ந்தார். "டீக்கடைக்குப் போவ முடியல. அந்தக் கடையில சர்ச்சுக்குப் போறவன் நான் ஒருத்தன்தான். பக்கத்து நெலத்து முருகேசன் சொல்றான், 'ஏம்பா சாமுவேலு, உன் சாமிகிட்ட உன் சம்பந்தியம்மாவே உம்மேல கேஸ் போட்டிருக்காங்களாமே'ன்னு. எல்லாரும் சிரிக்கிறானுங்க. நான் என்னம்மா பதில் சொல்லட்டும்?"

சத்தியமாகச் சொல்கிறேன் தம்பி, எனக்கே சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். ரோஸி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சாமுவேலின் முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை. மனுஷர் அவமானப்பட்டிருந்தார். அதைப் பார்த்ததும் என் சிரிப்பும் போய்விட்டது.

"உங்களுக்கு மழ வேணும், எங்களுக்கு வெயில் வேணும். அது பெரியவங்க சண்டைங்க. புள்ளைங்க ரெண்டும் என்னங்க பண்ணுச்சுங்க?"

"உங்க புள்ளதானம்மா அத போட்டான்?"

நீ என் பிள்ளை, நீதான் போட்டாய். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஆடிப்பட்டம் தேடி வெதைன்னு சொல்லுவாங்க. ஆடி பொறந்து எத்தினி நாளாச்சு? நான் சொன்னதுதான். மழ பெய்யட்டும். வெதைச்சிட்டு கல்யாணத்தப் பேசுவோம்."

பேச்சு அவ்வளவுதான் என்று நான் எழுந்தபோது, சமையலறை வாசலில் நின்றிருந்த ஷீபா, "அப்பா, மேக்கால பாருங்க" என்றாள். மலைக்கு அந்தப் பக்கம் கறுப்பாக ஏறி வந்துகொண்டிருந்தது. காற்று ஒருமுறை அடித்து நின்றது. மண் வாசனை வந்தது. அப்புறம் அது வந்தது பார், கூரையில் கல்லை வாரி இறைத்த மாதிரி. தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் வெளியே ஓடினார்கள். உள்ளே ஓட வேண்டியவர்கள் வெளியே ஓடுவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பெரிய பெரிய ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றார்கள். சாமுவேல் முற்றத்தில் நின்று முகத்தை மேலே தூக்கிக்கொண்டார். என் பிள்ளைக்குக் கல்யாணம் நடக்கும் என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதே நொடியில் நம் குவியல் ஞாபகம் வந்தது. லாரி ஏற்றுவதற்காக, மேலே மூடியிருந்த ஓலையைப் பிரித்துப் போட்டிருந்தோம். நம் குவியல் மட்டுமில்லை, பக்கத்துக் குவியல்களும் மூடாமல்தான் கிடந்தன. "நம்ம அக்கா ஜெபம் பண்ணிட்டாங்க, மழ வராது" என்று, கிழிந்த ஓலையை மாற்றாமல் விட்டிருந்தார்கள். என் பேரை நம்பி விட்டிருந்தார்கள். நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாமுவேல் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, அழுவுறீங்களா, சிரிக்கிறீங்களா?"

"ரெண்டும்தாங்க. குவியலு தெறந்து கெடக்குது. ஊர்ல எல்லா குவியலும் தெறந்துதான் கெடக்குது."

அவர் மேகத்தைப் பார்த்தார். "கெழக்கதான போவுது. இன்னும் உங்க ஊருக்குப் போயிருக்காது" என்றார். தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "டேய் முருகேசா, ஆடுனது போதும். வண்டிய எடு. களத்து தார்ப்பாயெல்லாம் ஏத்து."

கேஸ் போட்டதாகச் சொன்ன அதே முருகேசன்தான். குட்டி யானை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். கடலை காயவைக்கிற தார்ப்பாய்களை வீடு வீடாக இழுத்து வந்தார்கள். அந்த அவசரத்தில் அவர்கள் சாமி, நம் சாமி என்று யாரும் கேட்கவில்லை. ஒரு டிராக்டரும் பின்னால் வருகிறேன் என்றது. என்னை முன்னால் உட்காரவைத்தார்கள். சாமுவேலும் ஷீபாவும் நாலைந்து ஆட்களும் பின்னால் தார்ப்பாயின் மேலேயே உட்கார்ந்து நனைந்துகொண்டு வந்தார்கள். நான் உனக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. அடித்தேன், எடுக்கவில்லை. அட்மின் சார் கடையில் யாருக்கோ டிஸ்ப்ளே மாற்றிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஷீபா கத்தினாள். "அத்தை, அவருக்கு போன் பண்ணாதீங்க. பேஜ்ல போட்டா ஒடனே பாப்பாரு." அப்படியே நனைந்த கையோடு, நம் கோவில் பக்கத்தில் கடைசியாக இருந்த வசனப் படத்துக்குக் கீழே எழுதினாள்: "இங்க மழை கொட்டுது. உங்க பக்கம்தான் வருது. குவியலை மூடுங்க."

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. நீ அதைப் பார்த்த உடனே பக்கத்தில் பெரிதாகப் போட்டுவிட்டுக் கடையை அப்படியே விட்டு ஓடியிருக்கிறாய். மழையை நிறுத்திய தாயைப் பார்ப்பதற்காக நம் பக்கத்தில் சேர்ந்த கூட்டம் முழுக்க அதைப் பார்த்தது. அளத்துக்காரர்கள் ஓடினார்கள். சூளைக்காரர் மூடினார். கருவாட்டுப் பெண்கள் வாரிக் கூடையில் கொட்டினார்கள். மண்பாதையில் நாங்கள் வந்து இறங்கியபோது வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மழையை முந்திக்கொண்டு வந்துவிட்டோம், ஆனால் அதிகமாக முந்தவில்லை. நீயும் அப்பாவும் பாதி ஓலையை வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தீர்கள். சாமுவேல் வண்டி நிற்பதற்குள் குதித்தார். அதற்கு முன்னால் உப்புக் குவியலை இவ்வளவு கிட்டத்தில் அவர் பார்த்ததில்லையாம். குவியல் மேல் ஏறக்கூடாது என்று தெரியாமல் ஏறிவிட்டார், அப்பா அவர் காலைப் பிடித்து இறக்கினார். சம்பந்திகள் முதன்முதலாக ஒருவரையொருவர் தொட்டது அப்போதுதான். நம் குவியலை மூடிவிட்டு, பக்கத்துக் குவியலுக்குப் போய், அதற்கடுத்ததற்குப் போனார்கள். டிராக்டரும் வந்து சேர்ந்தது. கடைசித் தார்ப்பாய்க்குக் கல் வைத்துக்கொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஓரத்தில் கொஞ்சம் கரைந்தது. கரையட்டும்.

கோவில் வராந்தாவில் அத்தனை பேரும் ஒட்டிக்கொண்டு நின்றோம். சாமுவேல் தலையைத் துவட்டியபடி, "ஒவ்வொரு மழைக்கும் இப்பிடித்தான் ஓடுவீங்களா?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா, "உப்பு விக்கப் போனா மழ பேயும், மாவு விக்கப் போனா காத்தடிக்கும்னு சொல்லுவாங்க இல்ல? நாங்க மாவும் வித்துப் பாத்தோங்க" என்றார். அப்போதுதான் அந்த மனுஷர் சிரித்தார். முருகேசன், "சாமுவேலு, கேச வாபஸ் வாங்கிட்டாங்களா?" என்று கேட்டார். சாமுவேல் இன்னும் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, யாரும் கேட்காமலே, "மழ பெஞ்சிடுச்சும்மா. நாளைக்கி ஞாயித்துக்கிழமையே அறிக்கை வாசிக்கச் சொல்லிடறேன்" என்றார். நீ ஷீபாவைப் பார்த்தாய். அவள் முந்தானையைப் பிழிகிற சாக்கில் தரையைப் பார்த்தாள். நான் உன்னைப் பெற்ற நாளில்கூட அவ்வளவு சந்தோஷமாக இல்லை, அன்றைக்கு வலி இருந்தது.

அடுத்த மழைக்குச் சாமுவேலே ஒரு வீடியோ அனுப்பினார். விதைத்த நிலத்தில் குடை இல்லாமல் நின்றுகொண்டு, "எங்க ஊர்ல செம மழ" என்று பல்லெல்லாம் தெரியச் சொல்லியிருந்தார். நீ அதை அப்படியே போட்டு, "மேற்கே மழை தொடங்கிவிட்டது, மூடிக்கொள்ளுங்கள்" என்று மட்டும் எழுதினாய். இப்போது முருகேசன் அனுப்புகிறார், இன்னும் உள்ளே இருக்கிற ஊர்களிலிருந்தும் அனுப்புகிறார்கள். அவர்கள் ஆடிப் பாடி எடுக்கிற வீடியோதான் நம் ஊருக்கு எச்சரிக்கை. ஜெபத்துக்கு வராதவர்கள்கூட நம் பக்கத்தைப் பார்க்கிறார்கள். பார்த்தவர்களில் சிலர், எங்கேதான் இருக்கிறது இந்தக் கோவில் என்று மண்பாதையில் நடந்து வந்து பார்க்கிறார்கள். பாய் இப்போதும் விரிக்கிறோம். நான் பழைய பெஞ்சுக்கே வந்துவிட்டேன், அங்கேதான் காற்று வருகிறது.

ஆகவே இந்தக் கடிதத்தைப் படிக்கிற எல்லாருக்கும் சொல்கிறேன், அந்த வீடியோவில் இருப்பவள் மழையை நிறுத்தவில்லை. கேட்டாள், அவ்வளவுதான். கேட்டபோது பக்கத்து ஊரை நினைக்கவில்லை. இனி யாராவது அதை உங்களுக்கு அனுப்பினால், அந்த அம்மாவுக்கு மழையில் ஓடத்தான் தெரியும் என்று சொல்லுங்கள்.

உனக்குச் சொல்ல வேண்டியது தனியாக இருக்கிறது, அதையும் ஊர் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் நீ போகப்போகிற கோவிலிலும், போன் தெரிந்த பையன் என்று உன் கையில்தான் கேமராவைக் கொடுப்பார்கள். எடு, நன்றாக எடு. கண்ணை மூடிக்கொண்டு அழுகிறவர்களின் முகத்தை மட்டும் எடுக்காதே, அவர்கள் உன்னிடம் பேச வரவில்லை. ஒருவர் ஜெபத்தை வெட்டுவதாக இருந்தால் அவரைக் கேட்டுவிட்டு வெட்டு. தலைப்பு வைக்கும்போது, இது ஷீபாவின் அப்பா கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை யோசித்துக்கொள். எந்த ஊரிலும் யாரோ ஒருவர் சாமுவேல் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார். பஸ் எங்கே நிற்கும் என்று கேட்கிறவர்களுக்கு மறக்காமல் பதில் போடு, உனக்கு நடந்த நல்லதெல்லாம் அந்தக் கேள்வியில்தான் ஆரம்பித்தது. அப்புறம், மனைவி கூப்பிட்டால் போனை எடுக்க வேண்டும். அவள் ஒவ்வொரு முறையும் பேஜில் கமென்ட் போட்டு உன்னைக் கூப்பிட முடியாது. அவளுக்கு மழை பிடிக்கும், உனக்கு வெயில் பிடிக்கும், நீங்கள் அப்படி வளர்ந்தவர்கள். ஒருவருக்குப் பிடித்தது வரும்போது மற்றவர் வீட்டில் எது நனைகிறது என்று பார்த்துக்கொண்டால் போதும். நானும் உன் அப்பாவும் அதை அரைகுறையாகத்தான் செய்தோம், ஆனாலும் நன்றாகவே வாழ்ந்துவிட்டோம்.

திங்கட்கிழமைக்கு ஓலை, தார்ப்பாய் எல்லாம் தயாராக இருக்கிறது. உன் மாமனார் வண்டியில் பூவுக்குப் பக்கத்தில் தார்ப்பாயும் ஏற்றிக்கொண்டுதான் வருவாராம். தாலி கட்டி முடிந்ததும் என்னை ஜெபம் பண்ணச் சொல்லியிருக்கிறார் பாஸ்டர். மேற்கே இருந்து வருகிறவர்கள் ஒரு பக்கம், அளத்துக்காரர்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் நான் என்ன கேட்பது என்று இத்தனை நாளாக யோசித்தேன். நேற்றுப் பாத்தி வரப்பில் நடந்துகொண்டிருக்கும்போது வந்துவிட்டது. திங்கட்கிழமை இதை யார் எடுத்தாலும் வெட்டாமல் போடச் சொல். தலைப்பு எதுவும் வேண்டாம்.

"ஆண்டவரே, இந்த ரெண்டு வீட்டுக்கும் வேண்டியத நீரே பாத்துக் குடும். மழ குடுக்குறதா இருந்தா மொதல்ல மேக்கால குடும். அவங்க ஆசை தீர நனையட்டும். நனைஞ்சிட்டு, சந்தோஷமா ஒரு வீடியோ எடுத்து, எங்களுக்கு அனுப்பட்டும். நாங்க ஓடிப்போயி மூடிட்டு வந்துடறோம். அதுக்கப்புறம் இங்கயும் கொஞ்சம் பெய்யும் ஆண்டவரே, எங்க புள்ளைங்களும் நனையட்டும். ஆமென்."